வைக்கோலால் விழா எடுத்த வணிகர் மகன்

இத்தாலி நாட்டின் அசிசி நகரிலே பியெத்ரோ பெர்னார்தோனே என்னும் துணி வணிகர் செல்வச் சிறப்போடு வாழ்ந்து வந்தார். அவருடைய மகனாக 1181 அல்லது 1182-ஆம் ஆண்டில் பிறந்தவரே, நாம் புனித பிரான்சிஸ் அசிசியார் என்று போற்றும் ஏழைகளின் நண்பர். தந்தையின் கடையிலே வளர்ந்த அவருக்குப் பகட்டான உடை புதிதல்ல. விருந்தும் பாட்டும் நண்பர் கூட்டமுமாக இளமை கழிந்தது. விலையுயர்ந்த துணியோடு மிக மட்டமான துணியையும் சேர்த்துத் தைத்து ஒரே அங்கியாக அணிந்து வேடிக்கை காட்டுவாராம். பிற்காலத்தில் ஒட்டுப் போட்ட சாக்குத் துணியையே அவர் விரும்பி உடுத்தப் போகிறார் என்று அன்று யார் நினைத்திருப்பார்கள்!

1202-ல் பெருஜியா நகரோடு நடந்த போரில் சிறைப்பட்டு ஓராண்டு வாடினார். பின்பு நோய் வந்தது. மனம் மாறியது. இடிந்து கிடந்த சான் தமியானோ ஆலயத்தைப் பழுது பார்ப்பதற்காகத் தந்தையின் துணிகளை எடுத்து விற்றார். தந்தை வழக்குத் தொடுக்கவே, ஆயர் முன்னிலையில் உடுத்தியிருந்த ஆடைகளையும் களைந்து கொடுத்துவிட்டார். ஆயரின் பண்ணையாள் ஒருவருடைய பழைய மேலங்கியைக் கொடுத்தார்கள். அதன்மேல் சுண்ணச் சாந்தால் சிலுவை வரைந்து போர்த்திக் கொண்டார். வீதி வீதியாகக் கல் யாசித்துச் சுமந்து வந்து அவ்வாலயத்தைக் கட்டி முடித்தார். 1209-ல் பாப்பரசர் மூன்றாம் இன்னோசென்ட் அவருடைய சிறு கூட்டத்திற்கு அனுமதி அளித்தார். அதன்பின் நடந்தவற்றை எழுதினால் நம் மலர் முழுவதும் போதாது.

1223-ஆம் ஆண்டு டிசம்பரில் பிரான்சிஸ் ரியேத்தி பள்ளத்தாக்கிலுள்ள கிரெச்சியோ என்னும் மலையூருக்கு வந்தார். அங்கே யோவான் என்ற பிரபு அவருக்கு நெருங்கிய அன்பர். திருவிழாவுக்கு இரண்டு வாரம் இருக்கையில் அவரை அழைத்து, சில ஏற்பாடுகளைச் செய்யும்படி பிரான்சிஸ் கேட்டுக் கொண்டார். என்னென்ன? ஒரு தீவனத் தொட்டி, கொஞ்சம் வைக்கோல், ஒரு காளை, ஒரு கழுதை. அவ்வளவுதான்! எல்லாம் எந்தக் குடியானவன் வீட்டிலும் இருப்பவை. கேட்டால் எதையும் வாங்கிக் கொடுக்கக் கூடிய பிரபுவிடம் அவர் கேட்டது இவைதாம். அவருடைய வரலாற்றை முதலில் எழுதிய செலானோ ஊர்த் தோமையார் தரும் விவரத்தில் மாதாவின் சுரூபமோ, சூசையப்பர் சுரூபமோ, பாலன் சுரூபமோ இல்லை.

அன்றிரவு சுற்றுவட்டார மக்கள் மெழுகுவர்த்தியும் தீப்பந்தமும் ஏந்தி மலையேறி வந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த ஒளியே தோரணம். தீவனத் தொட்டியின் மேல் திருப்பலி நிறைவேறியது. பிரான்சிஸ் குருவல்லர், தியாக்கோன். ஆகவே அவர் நற்செய்தியைப் பாடிப் பிரசங்கம் செய்தார். பெத்லகேம் என்ற பெயரை ஆட்டுக்குட்டி கத்துவதுபோல் உச்சரித்தாராம். விழா முடிந்தபின் வைக்கோலை யாரும் எறிந்துவிடவில்லை. பத்திரப்படுத்தி, நோயுற்ற கால்நடைகளுக்குக் கொடுத்தார்கள்.

செலவு குறைய வேண்டுமென்று அவர் இப்படிச் செய்தார் என்று நாம் எண்ணிவிடக் கூடாது. பிறந்த குழந்தைக்கு என்னென்ன வசதி இல்லாமல் போயிற்று என்பதைக் கண்ணாரக் காண வேண்டும் என்பதே அவர் ஆசை. பட்டுத் துணியை விரித்து மூடிவிட்டால் அந்தக் குறை எப்படித் தெரியும்?

அதே கிரெச்சியோவில் ஒரு திருவிழாவன்று சகோதரர்கள் மேசையை உயர்த்தி, வெள்ளைத் துணி விரித்து, கண்ணாடிக் கிண்ணங்கள் வைத்து அழகு செய்திருந்தார்கள். (கிறிஸ்துமஸ் என்கிறது ஒரு பழைய நூல், பாஸ்கு என்கிறது மற்றொன்று.) பிரான்சிஸ் ஓர் ஏழையின் தொப்பியையும் கைத்தடியையும் வாங்கிக் கொண்டு, வாசலில் நின்று பிச்சை கேட்டார். உள்ளே அழைத்ததும் தரையில் அமர்ந்து உண்டார். அலங்கரித்த மேசையில் இருந்தவர்களுக்கு அதற்குமேல் சோறு இறங்கியிருக்குமா?

இவ்வளவு கண்டிப்பானவர், கிறிஸ்துமஸ் அன்று மட்டும் தாராளம் காட்டச் சொன்னார். காளைக்கும் கழுதைக்கும் அன்று வழக்கத்தைவிட அதிகத் தீனி போட வேண்டும். பறவைகளுக்காகச் சாலைகளில் தானியம் தூவ வேண்டும். ஏழைகளைச் செல்வர் வயிறார உண்பிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம்.

பளிங்குச் சுரூபங்கள் பிறகுதான் வந்தன. ரோமையில் புனித மரியா பேராலயத்திற்கு அர்னோல்போ தி காம்பியோ என்ற சிற்பி ஏறத்தாழ 1291-ல் செதுக்கியவை இன்றும் உள்ளன. அவை அழகானவை என்பதில் ஐயமில்லை. ஆனாலும் நம் வீடுகளில் பழைய சாக்கை நனைத்து மலையாக்கி, சிரட்டையில் கேழ்வரகு முளைக்க வைத்துப் புல்வெளியாக்கும் குடில்களே கிரெச்சியோவுக்குக் கிட்டத்துச் சொந்தம் என்று நாம் துணிந்து சொல்வோம்.

பிரான்சிஸ் 1226 அக்டோபர் 3-ஆம் நாள் மாலை இறைவனடி சேர்ந்தார். இறுதிக் காலத்தில் தம்மை வெறுந்தரையில் ஆடையின்றிக் கிடத்தச் செய்தார். மடத்துத் தலைவர் ஓர் அங்கியைக் கொண்டுவந்து, இது உமக்குச் சொந்தமன்று, இரவல்தான் என்று சொன்ன பிறகே மகிழ்ச்சியோடு அதை ஏற்றுக் கொண்டார்.