தூங்க வைத்து வேலை வாங்கியவர்

கையில் அடங்கும் செல்போனில் பாட்டு ஓடுகிறது. படம் தெரிகிறது. அதே நேரத்தில் செய்தியும் வந்து சேருகிறது. இத்தனை வேலையும் ஒரு சிறிய நினைவகத்துக்குள் எப்படி நடக்கிறது? இதற்கு வழி கண்டவர்களின் தலைவர் ஓர் ஆங்கிலேயர். அவர் பெயர் டாம் கில்பர்ன்.

இளமை

இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பகுதியில் டியூஸ்பரி என்ற ஊர் இருக்கிறது. கம்பளி நெசவுக்குப் பேர் போன ஊர். அங்கே 1921-ம் ஆண்டு ஆகஸ்டு 11-ந் தேதி கில்பர்ன் பிறந்தார். கணக்கில் புலி. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்துத் தேறினார்.

அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. 1942-ம் ஆண்டில் அவரை ரேடார் ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பினார்கள். அங்கே பிரடெரிக் வில்லியம்ஸ் என்ற நிபுணரின் கீழ் எலெக்ட்ரானிக் தொழிலைக் கற்றார்.

போர் முடிந்தது. வில்லியம்ஸ் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். கில்பர்னும் அங்கே போய்ச் சேர்ந்தார். இருவரும், ஜெப் டூட்டில் என்ற பொறியாளரும் சேர்ந்து ஒரு கம்ப்யூட்டரை உருவாக்கினார்கள். 1948-ம் ஆண்டு ஜூன் 21-ந் தேதி அது 52 நிமிடம் ஓடி, ஒரு கணக்குக்குச் சரியான விடை சொன்னது. தன் நினைவகத்திலேயே புரோகிராமை வைத்துக்கொண்டு ஓடிய முதல் எலெக்ட்ரானிக் கம்ப்யூட்டர் அதுதான். அந்த முதல் புரோகிராமை எழுதியவர் கில்பர்ன்.

இடப் பஞ்சம்

கம்ப்யூட்டர் வந்தது. கூடவே ஒரு தொல்லையும் வந்தது. வேகமான நினைவகத்தின் விலை மிக அதிகம். அதனால் அதைக் கொஞ்சமாகத்தான் வைக்க முடிந்தது. மீதியைச் சுழலும் காந்த உருளையில் வைத்தார்கள். உருளையில் இடம் அதிகம், வேகம் குறைவு.

ஒரு மளிகைக்கடையை நினைத்துப் பாருங்கள். கைக்கெட்டும் அலமாரியில் கொஞ்சம் சரக்கு. பின்னால் கிடங்கில் நிறையச் சரக்கு. எந்தச் சரக்கை எப்போது கிடங்கிலிருந்து கொண்டு வருவது, எதைத் திருப்பி அனுப்புவது என்பதையெல்லாம் அந்நாளில் புரோகிராம் எழுதுபவரே முன்கூட்டித் திட்டமிட வேண்டும். இதற்கே நிறைய நேரம் போயிற்று.

இந்த வேலையை ஏன் எந்திரமே செய்யக்கூடாது? கில்பர்னும் அவருடைய குழுவினரும் இப்படி எண்ணினார்கள். பெரராண்டி கம்பெனியும் கைகொடுத்தது. பிறந்தது ‘அட்லஸ்’ கம்ப்யூட்டர். 1962-ம் ஆண்டு டிசம்பர் 7-ந் தேதி மான்செஸ்டரில் அதன் திறப்பு விழா நடந்தது.

பக்கம் இல்லையா? தூங்கு!

அட்லஸின் வேகமான நினைவகத்தை 32 பக்கங்களாகப் பிரித்தார்கள். ஒரு பக்கத்தில் 512 சொற்கள். உருளைகளிலோ 192 பக்கங்கள். ஆனால் புரோகிராமின் கண்ணுக்கு எல்லாம் ஒரே பெரிய நினைவகமாகத் தெரியும்.

புரோகிராம் கேட்ட பக்கம் வேகமான நினைவகத்தில் இல்லாவிட்டால் என்ன ஆகும்? எந்திரம் உடனே அந்தப் புரோகிராமை நிறுத்தும். மேற்பார்வை புரோகிராம் எழுந்து வரும். உருளையிலிருந்து அந்தப் பக்கத்தைக் கொண்டுவர ஏற்பாடு செய்யும். உருளை ஒரு சுற்றுச் சுற்ற ஒரு விநாடியை 1,000 கூறாக்கினால் 12 கூறு ஆகும். நமக்கு அது கண் இமைக்கும் நேரம். எந்திரத்துக்கோ ஆயிரக்கணக்கான கட்டளைகளை முடிக்கும் நேரம்!

அந்த நேரத்தை வீணாக்கலாமா? கேட்ட புரோகிராமைத் தூங்க வைத்துவிட்டு, காத்திருக்கும் இன்னொன்றை ஓட்டினார்கள். பையன் கிடங்குக்குப் போய் வருவதற்குள் கடைக்காரர் அடுத்தவருக்குப் பொட்டலம் கட்டுவதைப் போலத்தான்.

பக்கம் வந்ததும் தூங்கிய புரோகிராம் எழும். தடைப்பட்ட கட்டளையை மறுபடி முதலிலிருந்து செய்யும். தான் தூங்கியதே அதற்குத் தெரியாது.

காவலன் தூங்கலாமா?

இதில் இரண்டு ஆபத்துகள் இருந்தன.

முதல் ஆபத்து: பாதி வந்த பக்கத்தை யாராவது தொட்டால் கணக்குத் தப்பிவிடும். அதனால் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பூட்டு வைத்தார்கள். முழுவதும் வந்து சேர்ந்த பிறகே பூட்டுத் திறக்கும்.

இரண்டாவது ஆபத்து இன்னும் பெரியது. பக்கத்தைக் கொண்டுவரும் மேற்பார்வை புரோகிராமே உருளையில் மாட்டிக்கொண்டால்? அதை யார் எழுப்புவது? எந்திரமே நின்றுவிடும். ஆகவே அதன் அவசரப் பகுதிகளை, யாராலும் மாற்ற முடியாத தனி நினைவகத்தில் நிலையாக வைத்தார்கள். ஊர் தூங்கலாம், காவலன் தூங்கக்கூடாது.

இடம் தேவைப்பட்டால் எந்தப் பக்கத்தை வெளியே அனுப்புவது? இதையும் எந்திரமே முடிவு செய்தது. ஒவ்வொரு பக்கமும் எவ்வளவு நேரமாகச் சும்மா கிடக்கிறது என்று கணக்கு வைத்தது. வழக்கத்தைவிட அதிக நேரம் சும்மா கிடந்த பக்கத்தை வெளியேற்றியது.

மறைவு

1964-ம் ஆண்டில் மான்செஸ்டரில் கம்ப்யூட்டர் துறை தனியாகத் தொடங்கியது. பிரிட்டனில் அதுவே முதல். அதன் தலைவர் கில்பர்ன். 1981-ம் ஆண்டில் ஓய்வு பெற்றார். கால்பந்து என்றால் அவருக்கு உயிர். மான்செஸ்டர் யுனைடெட் அவருடைய அணி. 2001-ம் ஆண்டு ஜனவரி 17-ந் தேதி, 79-வது வயதில் காலமானார்.

அட்லஸை 1971-ம் ஆண்டிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆனால் அதில் பிறந்த முறை நிற்கவில்லை. இன்றைய கம்ப்யூட்டர்களிலும் செல்போன்களிலும் புரோகிராம் கேட்ட பக்கம் இல்லாவிட்டால், அது தூங்குகிறது. பக்கம் வந்ததும் எழுகிறது. அப்போதும் காவலன் மட்டும் விழித்தே இருக்கிறான்.