கல்மரங்களைப் படித்த அறிஞர்

மண்ணுள் புதையுண்ட மரத்தினுள் நிலத்தடி நீரில் கரைந்த சிலிக்கா புகுந்து நிறைவதுண்டு. நெடுங்காலத்தில் அம்மரம் கல்லாகிவிடும். அதனைக் கல்மரம் என்பர். தமிழ்நாட்டில் விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் இத்தகைய மரங்களைக் காணலாம். கல்மரத்தை ஆராய வேண்டியவர் தாவரவியலாரா, நிலவியலாரா? இரு துறைகளையும் கற்றவரே அதன் வரலாற்றை முழுமையாக அறிய இயலும் எனத் தம் வாழ்வால் காட்டியவர் பீர்பால் சாஹ்னி.

இளமையும் கல்வியும்

சாஹ்னி 1891ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள், இன்று பாகிஸ்தானில் உள்ள பேரா என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ருசிராம் சாஹ்னி, இலாகூரில் வேதியியல் பேராசிரியர். அவர் தம் மக்களை இமயமலைப் பகுதிகளுக்கு நடைப்பயணமாக அழைத்துச் செல்வார். அப்பயணங்களில் செடிகளையும் கற்களையும் திரட்டும் ஆர்வம் சாஹ்னியின் உள்ளத்தில் வேரூன்றியது. 1911இல் இங்கிலாந்து சென்ற அவர், கேம்பிரிட்ஜில் சீவார்டு என்னும் தொல்தாவர அறிஞரிடம் பயின்றார். 1919இல் இலண்டன் பல்கலைக்கழகத்தில் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பினார்.

ஆய்வுப் பணி

1921இல் இலக்னோ பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியரானார். இன்றைய சார்க்கண்டில் உள்ள இராஜ்மகால் மலையில் தொல்தாவரம் ஒன்றின் தண்டு, இலை, பூ ஆகியவை தனித்தனியே கிடைத்திருந்தன. அவை ஒரே தாவரத்தின் உறுப்புகளே என நிறுவி, அதன் முழு உருவத்தை 1932இல் வரைந்து காட்டினார். அதற்குத் தம் ஆசிரியர் பெயரால் வில்லியம்சோனியா சீவார்டியானா எனப் பெயரிட்டார்.

கடல்கள் பிரிக்கும் இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் குளோசோப்டெரிஸ் என்னும் ஒரே வகைத் தொல்தாவரத்தின் இலைப்படிவங்கள் காணப்படுகின்றன. கண்டங்கள் முன்பு இணைந்திருந்து, பின்னர் நகர்ந்தன என்பது வெகெனரின் கொள்கை. அக்கொள்கையைத் தாவரப் படிவங்களின் துணைகொண்டு சாஹ்னி ஆராய்ந்தார். இவ்வாறு, ஓர் இலையின் சுவடு நிலவுலகின் வரலாற்றுக்குச் சான்றாயிற்று.

1936இல் இலண்டன் அரச கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. அதே ஆண்டில் ரோத்தக்கில் ஒரு மேட்டில் பழங்காலக் களிமண் நாணய வார்ப்புகளைக் கண்டார். பண்டைய இந்தியர் நாணயம் வார்த்த முறையை அவற்றால் விளக்கி, 1945இல் நூலாக வெளியிட்டார். 1943இல் இலக்னோவில் நிலவியல் துறை தொடங்கியபோது, அதன் தலைமையும் அவரிடமே வந்தது.

நிறைவேறிய கனவு

தொல்தாவர ஆய்வுக்கெனத் தனி நிறுவனம் வேண்டும் என்பது சாஹ்னியின் கனவு. அவரும் துணைவியார் சாவித்திரியும் தம் சேமிப்பையும், நூல்களையும், அரிதின் திரட்டிய தொல்லுயிர்ப் படிவங்களையும் அதற்கு வழங்கினர். 1949 ஏப்ரல் 3ஆம் நாள் தலைமையமைச்சர் நேரு அடிக்கல் நாட்டினார். படிவங்கள் பதித்த அக்கல்லைச் சாஹ்னியே உருவாக்கியிருந்தார். ஆனால், ஒரு வாரத்திற்குள், ஏப்ரல் 10ஆம் நாள், அவர் மாரடைப்பால் மறைந்தார்.

தாங்கொணாத் துயரிலும் சாவித்திரி அம்மையார் பணியைக் கைவிடவில்லை. நிறுவனத்தின் பொறுப்பைத் தாமே ஏற்றார். 1953இல் புதிய கட்டடம் திறக்கப்பெற்றது. மகரந்தத் துகள், மர வளையம், ஏரிப் படிவு, பழங்காலத் தட்பவெப்பம் எனப் பல பொருள்களை அந்நிறுவனம் இன்று ஆராய்கிறது. உயிரையும் மண்ணையும் இணைத்துக் கற்க வேண்டும் என்னும் சாஹ்னியின் எண்ணம் அங்கு நிலைபெற்றுள்ளது.

சொற்பொருள்
தொல்தாவரம் – மிகப் பழங்காலத்துத் தாவரம்
சுவடு – அடையாளம்
அரிதின் – அருமுயற்சியால்
தாங்கொணா – பொறுக்க இயலாத

விடை எழுதுக
1. மரம் எவ்வாறு கல்லாக மாறுகிறது?
2. சாஹ்னி தாவரவியலுடன் நிலவியலையும் அறிந்திருந்தமை அவர் ஆய்வுக்கு எவ்வாறு உதவியது?
3. சாவித்திரி அம்மையாரின் பணியைப் பற்றி ஐந்து தொடர்களில் எழுதுக.