ஒரு வேரை ஆய்வுகூடத்துக்கு அனுப்பிய ஹகீம்

இப்னு ஸீனாவையும் அர்ராஸியையும் நாம் மேடைகளில் அடிக்கடி நினைவுகூர்கிறோம். ஒரு நூற்றாண்டுக்கு முன் டில்லியில் வாழ்ந்த ஹகீம் அஜ்மல் கானைப் பற்றிப் பேசுவதோ குறைவு.

1868 இல் டில்லியின் புகழ்பெற்ற யூனானி வைத்தியக் குடும்பத்தில் அன்னார் பிறந்தார். ஏழைகளிடம் கட்டணம் வாங்காமல் வைத்தியம் பார்த்தார். பிரித்தானிய அரசு வழங்கிய பட்டத்தை கிலாபத் இயக்கக் காலத்தில் திருப்பிக் கொடுத்தார். 1920 இல் உருவான ஜாமியா மில்லியா இஸ்லாமியாவின் முதல் வேந்தரானார். 1921 இல் அஹமதாபாத் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார்.

அவர் கட்டியெழுப்பிய திப்பிய்யா கல்லூரியை 1921 இல் காந்தி திறந்து வைத்தார். அங்கு யூனானியும் ஆயுர்வேதமும் கற்பிக்கப்பட்டன. முன்னோரின் மருந்துகளை நவீன விஞ்ஞானம் பரிசோதிக்க வேண்டும் என்பது அவரது உறுதியான எண்ணம். எனவே ஸலீமுஸ்ஸமான் ஸித்தீக்கி என்ற இளைஞர் ஜெர்மனியில் இரசாயனம் கற்க உதவி, அவரை இக்கல்லூரியின் ஆய்வுப் பணிக்கு அழைத்தார்.

யூனானியில் அஸ்ரோல் என்றும் சிங்களத்தில் ஏகவேரிய என்றும் அழைக்கப்படும் சர்ப்பகந்தா வேர், சித்தப்பிரமைக்கு நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்டு வந்தது. ஸித்தீக்கி அதிலிருந்து சில பொருட்களைப் பிரித்தெடுத்து 1931 இல் வெளியிட்டார். 1927 டிசம்பரில் வபாத்தாகிவிட்ட ஹகீமின் நினைவாக ஒன்றுக்கு அஜ்மலின் எனப் பெயரிட்டார். அது பின்னர் இதயத் துடிப்புக் கோளாறுக்கு மருந்தானது.

1952 இல் அதே வேரிலிருந்து சுவிட்சர்லாந்தில் ரெசர்பின் பிரிக்கப்பட்டது. உயர் இரத்த அழுத்தத்துக்கும் கடும் மனநோய்க்கும் அது உலகெங்கும் வழங்கப்பட்டது. நரம்புகள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் இரசாயனங்களின் சேமிப்பை அது காலியாக்குகிறது. அதனால் பிறஷர் குறையும், மூர்க்கம் தணியும், சிலருக்கு மனச்சோர்வும் வரும். ரெசர்பின் கொடுத்து அசைவிழந்த விலங்குகளை எல்-டோபா மூலம் மீண்டும் நடமாடச் செய்தார் சுவீடன் நாட்டு ஆய்வாளர் ஆர்விட் கார்ல்சன். பார்கின்சன் நோய்க்கான சிகிச்சைக்கு அது வழிகாட்டியது. 2000 இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

ஹல்துமுல்லையில் ஆசிரியராகப் பணியாற்றும் எனக்கு இந்த வரலாறு வெறும் பழங்கதையல்ல. வலிப்பு வரும் பிள்ளைக்கு ஜின் பிடித்ததாகச் சொல்லிப் பாடசாலைக்கு அனுப்பாத வீடுகள் இங்கு உண்டு. தலைச்சுற்று நின்றதும் பிறஷர் குளிசையை நிறுத்துவோரும் உண்டு. மனநோயை ஊர் அறிந்தால் மகளின் கலியாணம் தடைப்படும் என அஞ்சி மறைப்போரும் உண்டு. நாட்டு வேர் இயற்கையானது, கெடுதி செய்யாது என நம்பிக் குளிசையோடு சேர்த்துக் குடித்தால் என்னவாகும் என்பதை ரெசர்பினின் கதையே சொல்கிறது.

ஓதிப் பார்ப்பதை விடும்படி யாரும் கேட்கவில்லை. துஆவோடு மருந்தும் தேடுவது நமது மார்க்கம் காட்டிய வழி. தலைமுறை தலைமுறையாகத் தன் குடும்பம் பேணிய வைத்தியத்தையே பரிசோதனைக்கு உட்படுத்த அந்த ஹகீம் தயங்கவில்லை. நம் பிள்ளையின் வலிப்பை கிளினிக்கில் காட்ட நாம் ஏன் தயங்க வேண்டும்? ஜும்ஆ மேடைகளிலும் பெற்றோர் கூட்டங்களிலும் இதைப் பேசத் தொடங்குவோம்.