காலர் துவைத்த பாரிஸ்டர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் திருச்சானூர் பக்கம் வந்தால் இரண்டு கூட்டங்களைப் பார்க்கலாம். பத்மாவதி தாயாரைத் தரிசிக்க வரும் பக்தர் கூட்டம் ஒன்று. வாடகை அறைகளின் மொட்டை மாடியில் கொடி கட்டித் துணி உலர்த்தும் நம்மவர் கூட்டம் மற்றொன்று. ரயில்வே, ஹோட்டல், லாட்ஜ், ஜவுளிக்கடை என்று ஊரை விட்டு வந்து பிழைக்கும் தமிழர்களுக்கு வாரத்தில் கிடைக்கும் ஒரே ஓய்வு நாளும் பக்கெட்டும் சோப்புக் கட்டியுமாகக் கழிந்து போகிறது.

எங்கள் அறையில் ஐந்து பேர். ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டுத் தவணையில் ஒரு வாஷிங் மிஷின் வாங்கிவிடலாம் என்று ஆற்காட்டு நண்பர் சென்ற மாதம் யோசனை சொன்னார். இன்னொருவர், காந்தி பிறந்த நாட்டில் நாலு சட்டை துவைக்க இயந்திரமா என்று கிண்டல் செய்தார். இயந்திரம் என்றாலே காந்தியடிகளுக்கு ஆகாது என்பது அவர் கட்சி. பேச்சு வளர்ந்தது. தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு, பத்திரிகைக்கு எழுதுகிறவன் என்பதால் என் தலையில் விழுந்தது. அதற்காகப் புரட்டிய இடத்தில்தான், அண்ணல் தம் கையால் துணி துவைத்த கதை முழுவதும் கிடைத்தது.

1869 அக்டோபர் 2-ல் போர்பந்தரில், ஒரு திவான் வீட்டுப் பிள்ளையாகப் பிறந்தவர் மோகன்தாஸ். லண்டனில் படித்து 1891-ல் பாரிஸ்டர் ஆனார். 1893-ல் ஒரு வழக்கு விஷயமாகத் தென்னாப்பிரிக்கா சென்றவர் அங்கேயே தங்க நேர்ந்தது. ஊருக்கு வந்து மனைவி மக்களை அழைத்துக்கொண்டு 1897 ஜனவரியில் மறுபடி டர்பனில் இறங்கினார். கடற்கரைப் பக்கம் நல்ல வீடு, நல்ல வருமானம். பாரிஸ்டர் என்றால் கஞ்சி போட்ட வெள்ளைக் காலர் வேண்டும். காலர் தினம் ஒன்று. சட்டை தினம் ஒன்று இல்லாவிட்டாலும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றியாக வேண்டும்.

சலவைக்காரர் சொன்ன நாளில் துணி கொண்டு வருவதில்லை. இரண்டு மூன்று டஜன் சட்டையும் காலரும் இருந்தும் போதவில்லை. சலவைக் கணக்கோ ஏறிக்கொண்டே போயிற்று. ஒரு காலரை வெளுக்கக் கொடுக்கும் கூலி, ஏறக்குறைய புதுக் காலரின் விலைக்கே வந்து நின்றது. மாதக் கடைசியில் இஸ்திரிக் கடை நோட்டைப் பார்த்துத் திடுக்கிடும் குமாஸ்தாக்களுக்கு இந்தக் கஷ்டத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நாமாக இருந்தால் சலவைக்காரரை மாற்றியிருப்போம். அவர் கடைக்குப் போய்ச் சலவைக் கலை பற்றி ஒரு புத்தகமும் அதற்கு வேண்டிய சாமான்களும் வாங்கி வந்தார். பாடம் படிப்பது போல் படித்தார். மனைவிக்கும் சொல்லிக் கொடுத்தார்.

முதல் காலர் முழுத் தோல்வி. கஞ்சி அளவுக்கு மிஞ்சிவிட்டது. இஸ்திரிப் பெட்டியில் சூடு போதவில்லை. துணி தீய்ந்துவிடுமோ என்ற பயத்தில் அழுத்தித் தேய்க்கவும் இல்லை. அதையே கழுத்தில் மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார். வழக்கு நடக்க நடக்கக் காலரிலிருந்து கஞ்சி பொலபொலவென்று உதிர்ந்தது. சக வக்கீல்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் முகம் சுளிக்கவில்லை. தம் கைவேலையில் இது முதல் முயற்சி என்றும், உங்களுக்குச் சிரிக்க ஒரு வாய்ப்புக் கிடைத்ததே என்றும் சொல்லிவிட்டார். கொஞ்ச நாளில் வேலை படிந்தது. லாண்டரித் துணிக்கும் அவர் வெளுத்த துணிக்கும் வித்தியாசம் தெரியாமல் போயிற்று.

முடிவெட்டிக்கொண்ட கதையும் இதே ரகம்தான். பிரிட்டோரியாவில் ஒரு வெள்ளைக்கார நாவிதர் அவருக்கு முடி வெட்ட மறுத்தார். உடனே கத்தரி மிஷின் வாங்கிக் கண்ணாடி முன் நின்று தாமே வெட்டிக்கொண்டார். முன்புறம் ஒருவாறு சரியாக வந்தது; பின்புறம் அலங்கோலம். தலையை எலி கடித்துவிட்டதா என்று கோர்ட்டில் கேட்டார்கள். அந்த நாவிதர் மேல் அவர் கோபப்படவில்லை. கறுப்பர்களுக்கு வெட்டினால் வெள்ளையர் கடைக்கு வரமாட்டார்கள்; நம் ஊரில் தாழ்த்தப்பட்டவர்களுக்கு முடி வெட்ட நாம்தான் விடுகிறோமா என்று தம்மையே கேட்டுக்கொண்டார்.

இவ்வளவு பெருமை சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அவரிடம் வேலை பார்த்த குமாஸ்தாக்கள் பலர் டர்பன் வீட்டிலேயே தங்கியிருந்தார்கள். குஜராத்திகளும் உண்டு, தமிழர்களும் உண்டு. அறைகளில் கழிவுநீர் போக வழி கிடையாது. ஒவ்வோர் அறையிலும் சிறுநீர்ப் பாத்திரம் வைத்திருப்பார்கள். அவற்றைக் கழுவும் வேலையை வேலைக்காரரிடம் விடாமல் கணவனும் மனைவியுமே செய்தார்கள். பஞ்சமர் குலத்தில் பிறந்து கிறிஸ்தவரான ஒரு குமாஸ்தா புதிதாக வந்திருந்தார். அவருடைய பாத்திரத்தை எடுக்கக் கஸ்தூரிபாவுக்கு மனம் ஒப்பவில்லை. கணவர் எடுப்பதைப் பார்க்கவும் பொறுக்கவில்லை. கண்ணீரோடு பாத்திரத்தை ஏந்திக்கொண்டு படியிறங்கினார். செய்தால் மட்டும் போதாது, முகமலர்ச்சியோடு செய்ய வேண்டும் என்று கணவர் கத்தினார். வார்த்தை முற்றி, அம்மையாரின் கையைப் பிடித்து வாசல் வரை இழுத்துச் சென்று வெளியே தள்ளப் போனார். அன்னிய நாட்டில் நான் எங்கே போவேன் என்று அவர் அழுத பிறகுதான் வெட்கித் தலை குனிந்தார். இது நடந்தது 1898-ல். பிற்காலத்தில் இதை ஒளிக்காமல் தம் சுயசரிதையில் தாமே எழுதி வைத்தார்.

தன் வேலையைத் தானே செய்ய வேண்டும் என்பது நல்ல கொள்கைதான். ஆனால் வீட்டில் அந்தக் கொள்கையின் பாதிச் சுமை இன்னொருவர் தலையில் ஏறுகிறது. காலருக்குக் கஞ்சி போட்ட புகழ் அவருக்கு. மற்றத் துணி மூட்டையில் எத்தனை பங்கு கஸ்தூரிபா துவைத்தார் என்று யார் கணக்கு வைத்தார்கள்?

இதே காலத்தில் அமெரிக்காவில் இந்த மூட்டையை இயந்திரத்தின் தலையில் ஏற்றப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையால் சுற்றும் சுழல் துவைப்பானுக்கு 1858-லேயே ஹாமில்டன் ஸ்மித் என்பவர் காப்புரிமை பெற்றிருந்தார். கை சுற்றிச் சுற்றி ஓய்ந்து போகும் என்பதுதான் அதில் குறை. பிறகு சிகாகோவில் ஹர்லி கம்பெனி, தோர் என்ற பெயரில் மின்சார மோட்டார் வைத்த இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதற்கான காப்புரிமை 1910-ல் ஆல்வா ஃபிஷர் பெயரில் பதிவாயிற்று. உருளை வடிவப் பீப்பாய் ஒரு பக்கம் சில சுற்று, மறு பக்கம் சில சுற்று என்று மாறி மாறிச் சுழலும். துணி முறுக்கிக்கொள்ளாமல் அழுக்குப் போவதற்கு அதுதான் சூட்சுமம். துவைப்பது, அலசுவது, பிழிவது எல்லாவற்றையும் தானே செய்யும் இயந்திரத்தை 1937-ல் பெண்டிக்ஸ் கம்பெனி கொண்டு வந்தது. நம் நாட்டு நடுத்தர வீடுகளுக்கு இது வந்து சேர இன்னும் ஐம்பது வருஷம் பிடித்தது. 1980-களின் பிற்பகுதியில்தான் கடைகளில் பரவலாகத் தென்படலாயிற்று. நம் டி.வி.எஸ். குழுமமும் அமெரிக்க வேர்ல்பூல் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து புதுச்சேரியில் உற்பத்தி செய்ததைப் பலர் அறிவார்கள்.

ஃபிஷருக்குக் காப்புரிமை கிடைத்த அதே 1910-ல் காந்தியடிகள் ஜோகன்னஸ்பர்க் அருகே டால்ஸ்டாய் பண்ணையைத் தொடங்கினார். நண்பர் காலன்பாக் கொடுத்த 1,100 ஏக்கர் நிலம். அங்கே வேலைக்காரர் என்று ஒருவரும் கிடையாது. சமையல் முதல் கக்கூஸ் சுத்தம் வரை எல்லாரும் எல்லா வேலையும் செய்தார்கள்.

1912-ல் கோபாலகிருஷ்ண கோகலே தென்னாப்பிரிக்கா வந்தார். காந்தியடிகள் குருவாக மதித்தவர். ஜோகன்னஸ்பர்க்கில் அவருக்குப் பெரிய விருந்து ஏற்பாடாயிற்று. மகாதேவ கோவிந்த ரானடே பரிசாகத் தந்த அங்கவஸ்திரம் ஒன்றைக் கோகலே உயிர்போல் காத்து வந்தார். விசேஷ நாட்களில் மட்டுமே அணிவார். அன்று பார்த்து அது கசங்கிக் கிடந்தது. லாண்டரிக்கு அனுப்பி வாங்க நேரமில்லை. நான் தேய்த்துத் தருகிறேன் என்று காந்தியடிகள் கேட்டார். உம்முடைய வக்கீல் திறமையை நம்பலாம், சலவைத் திறமையை நம்ப முடியாது என்று குருநாதர் தயங்கினார். ரானடேயோ காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது; துணி கெட்டால் திரும்பக் கிடைக்குமா? விடாப்பிடியாக வாங்கித் தேய்த்துக் கொடுத்தார். கோகலே மெச்சினார். உலகத்தில் வேறு யார் நற்சாட்சி தராவிட்டாலும் இது போதும் என்று சீடருக்கு ஒரே ஆனந்தம்.

1915-ல் தாயகம் திரும்பினார். 1917-ல் பீகாரில் சம்பாரண் அவுரி விவசாயிகளுக்காகப் போராடச் சென்றார். அங்கே கிராமங்களில் பள்ளிக்கூடம் வைத்துச் சுகாதாரமும் போதித்தார்கள். ஒரு சிற்றூரில் பெண்கள் மிகவும் அழுக்கான சேலை கட்டியிருப்பதைப் பார்த்து, ஏன் துவைப்பதில்லை என்று கேட்டுவரக் கஸ்தூரிபாவை அனுப்பினார். அதில் ஒரு பெண் அவரைத் தன் குடிசைக்குள் அழைத்துப் போய்ச் சுற்றிக் காட்டினாள். பெட்டி இல்லை, அலமாரி இல்லை, மாற்றுத் துணி இல்லை. இடுப்பில் இருக்கும் இந்தச் சேலை ஒன்றுதான். இதைத் துவைக்கப் போட்டுவிட்டு எதைக் கட்டிக்கொள்வது என்று கேட்டாள். மகாத்மாவிடம் சொல்லி இன்னொரு சேலை வாங்கித் தந்தால் தினமும் குளித்துத் துவைத்து உடுத்துவேன் என்றாள்.

இரண்டு மூன்று டஜன் காலர் போதவில்லை என்று புத்தகம் வாங்கியவருக்கு இந்தக் கேள்வி வந்தது. துவைப்பதற்குச் சோப்பு வேண்டும், தண்ணீர் வேண்டும் என்று நாம் பட்டியல் போடுகிறோம். முதலில் வேண்டியது இரண்டாவது துணி அல்லவா!

நான்கு வருஷம் கழித்து நம் சீமைக்கு ரயிலில் வந்தார். மதுரை செல்லும் வழியில் பெட்டியில் இருந்தவர்களிடம் கதர் உடுத்தும்படி சொன்னார். கதர் விலை அதிகம்; அதை வாங்க எங்களுக்கு வசதி ஏது என்று தலையசைத்தார்கள். அவர் உடம்பிலோ அன்று சட்டை, குல்லாய், முழு நீள வேட்டி எல்லாம் இருந்தன. 1921 செப்டம்பர் 22-ல் மதுரை மேலமாசி வீதி வீட்டிலிருந்து அரையில் ஒரு முழத்துண்டோடு வெளியே வந்தார். அதன் பிறகு காலரும் இல்லை, கஞ்சியும் இல்லை, இஸ்திரியும் இல்லை. சில வாரங்களுக்கென்று தொடங்கிய அந்த உடை, 1948 ஜனவரி 30 வரை மாறவே இல்லை.

இனி எங்கள் அறை வழக்குக்கு வருகிறேன். 1924-ல் டில்லியில் ராமச்சந்திரன் என்ற மாணவர் இயந்திரங்களைப் பற்றி அவரைக் குடைந்து குடைந்து கேட்டார். எல்லா இயந்திரத்தையும் அவர் எதிர்க்கவில்லை. பலருடைய பிழைப்பைப் பறித்துச் சிலரிடம் பணத்தைக் குவிக்கும் பைத்தியத்தைத்தான் எதிர்த்தார். விதிவிலக்காக எடுத்துக்காட்டியது சிங்கர் தையல் மிஷினை. மனைவி கையால் தைத்துத் தைத்துக் களைத்துப் போவதைக் காணச் சகிக்காமல் அன்பினால் சிங்கர் அதைச் செய்தார் என்றும், அதனால் தையல் மிஷின் வாங்க முடிந்த எல்லாருக்கும் உழைப்பு மிச்சமாயிற்று என்றும் கூறினார். (சிங்கரின் சொந்த வாழ்க்கை அவ்வளவு உத்தமமானது அல்ல. அது வேறு கதை.)

அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், வீட்டு வாஷிங் மிஷினுக்கு காந்தியடிகள் கட்சியில் இடம் உண்டு என்றே எனக்குப் படுகிறது. யாருடைய கை களைக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். இதை அறையில் அன்றிரவு விவரமாகச் சொன்னேன். கிண்டல் செய்த நண்பர் ஒன்றும் பேசவில்லை. ஆற்காட்டு நண்பரும் பேசவில்லை.

மறுவாரம் அவர் ஊருக்குப் போய்த் திரும்பினார். தவணைக்கு முன்பணம் கட்டிவிட்டதாகச் சொன்னார். மிஷின் எப்போது வரும், எந்த மூலையில் வைப்பது என்று நாங்கள் இடம் பார்க்கத் தொடங்கினோம். இங்கே இல்லை, ஆற்காட்டு வீட்டுக்கு என்றார். அங்கே மாமனார், மாமியார், பிள்ளைகள் என்று ஏழு பேர் துணியை அவர் சம்சாரம் கிணற்றடியில் துவைத்துக்கொண்டிருக்கிறாராம். நம் நாலு சட்டையை நாமே துவைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, பக்கெட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார்.