சுவையை நம்பாத வைத்தியர்

தீவக மக்கள் தண்ணீரை நாவினாலே சோதிப்பவர்கள். உலகத்துக் கிணறுகள் யாவற்றையும் நல்ல தண்ணீர், சவர்த்தண்ணீர் என்னும் இரு பிரிவுக்குள் அடக்கிவிடுவர். கடல்நீரின் மேலே மெல்லிய படையாக நிற்கும் மழைநீரே தீவுகளின் நன்னீர்ச் செல்வம். இறைப்பு மிகுந்தால் உவர் மேலெழும். ஆதலால், இறுப்பிட்டியிலே ஒரு குடம் நன்னீருக்காக நெடுந்தூரம் நடந்து பழகிய தாய்மாருக்கு நாவே தராசாயிற்று. அத்தராசு பொய்யன்று, முழுமையானதுமன்று. நாவுக்கு இனிக்கும் நீரும் உயிர் குடிக்கும் என்பதைக் கணக்கினாலும் சோதனையினாலும் நிலைநாட்டியவர் ஜோன் ஸ்னோ என்னும் ஆங்கில வைத்தியர்.

ஸ்னோ 1813ஆம் ஆண்டு மார்ச்சு 15ஆந் திகதி யோர்க் நகரிலே, ஊஸ் ஆற்றங்கரையை அடுத்த ஏழைத் தெருவொன்றிற் பிறந்தார். தந்தையார் கூலித் தொழிலாளி. மக்கள் ஒன்பதின்மருள் இவரே மூத்தவர். பதினான்காம் வயதில் நியூகாசில் நகரத்துச் சத்திரவைத்தியர் ஒருவரிடம் மாணாக்கராய் அமர்ந்தார். 1831-32இல் கொலரா என்னும் வாந்திபேதி அந்நாட்டினுட் புகுந்தபோது, கிலிங்வேர்த் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடையே பணிபுரிய அனுப்பப்பட்டார். கைகழுவ வழியின்றிச் சுரங்கத்தினுள்ளேயே உணவருந்திய அம்மக்களின் நிலை அவர் கருத்தை விட்டு நீங்கவில்லை. 1836இல் இலண்டன் சேர்ந்து கற்று, 1844இல் வைத்தியக் கலாநிதிப் பட்டம் பெற்றார். ஈதர், குளோரோபோம் ஆகிய மயக்க மருந்துகளை அளவறிந்து கொடுப்பதில் அவருக்கு நிகரானோர் அக்காலத்தில் இலர். 1853இல் விக்டோரியா மகாராணியாரின் மகப்பேற்றின்போது குளோரோபோம் கொடுத்தவர் இவரே. அரண்மனைப் புகழை விட்டு நாம் தண்ணீருக்கு வருவோம்.

அழுகிய பொருள்களிலிருந்து எழும் தீநாற்றமே கொள்ளைநோய்க்குக் காரணம் என்பது அந்நாளைய அறிஞர் பலரின் துணிபு. ஸ்னோ வேறு விதமாக எண்ணினார். நோய் மூச்சுப்பையில் தோன்றவில்லை, குடலில் தோன்றுகிறது. ஆகவே, அது முகரப்படுவதன்று, விழுங்கப்படுவது. இதனை 1849இல் சிறு நூலாக வெளியிட்டார். கேட்டோர் சிலரே.

1854ஆம் ஆண்டு ஆகத்து மாத இறுதியில் இலண்டனிலே சோகோப் பகுதியில் நோய் வெடித்தது. பத்தே நாளில் ஐந்நூற்றுவர்க்கு மேல் மாண்டனர். ஸ்னோ வீடு வீடாகச் சென்று, மாண்டவர் எந்நீர் பருகினர் என்று வினாவினார். பெரும்பாலோர் புறோட் வீதிப் பம்பு நீரையே பருகியிருந்தனர். அருகிலிருந்த ஏழையர் விடுதியில் 535 பேருள் ஐவரே இறந்தனர். அவ்விடுதிக்குத் தனிக் கிணறு உண்டு. மதுவடிசாலைத் தொழிலாளர் தப்பினர். அவர்கள் பம்புப் பக்கமே போவதில்லை. இவற்றினும் நெஞ்சை உறுத்துவது ஒரு மூதாட்டியின் கதை. கைம்பெண்ணாகிய அவர் நோயில்லாத ஹாம்ஸ்ரெட் பகுதியிற் குடியேறியிருந்தார். ஆயினும், முன்பு பழகிய புறோட் வீதி நீரின் சுவையை மறக்கமாட்டாமல், நாள்தோறும் வண்டியிலே அதனைத் தருவித்துப் பருகினார். அந்நீரே அவரைக் கொன்றது. அங்கு விருந்தாக வந்து அதனைப் பருகிய மருமகளும் மாண்டாள். நல்ல தண்ணீருக்கு நடக்கும் நம்மவர்க்கு இது அந்நியர் கதையாகத் தோன்றுமா?

செப்டெம்பர் 8ஆந் திகதி பம்பின் கைபிடி கழற்றப்பட்டது. அதனால் மட்டுமே நோய் நின்றது என்பது பிற்காலத்தார் கட்டிய கதை. மக்கள் ஊரைவிட்டு ஓடியதனால் முன்னரே நோய் தணியத் தொடங்கியதென்று ஸ்னோவே எழுதியிருக்கிறார். தமக்குச் சாதகமான கதையையும் நிறுத்துப் பார்த்த நேர்மை அது.

அவருடைய பெருஞ்சோதனை தேம்ஸ் நதியின் தென்கரையில் நிகழ்ந்தது. அங்கே இரு நீர்க்கம்பனிகள் ஒரே தெருக்களில் அடுத்தடுத்த வீடுகளுக்கு நீர் வழங்கின. லாம்பெத் கம்பனி 1852இல் நகரக் கழிவு சேராத மேல்நதிக்குத் தன் நீர்வாயை மாற்றியது. சதாக்-வோக்சோல் கம்பனி அழுக்கு நதியிலேயே மொண்டது. எந்த வீட்டுக்கு எந்தக் கம்பனி என்பதைக் குடியிருப்போரிற் பலர் அறியார். ஸ்னோ என் செய்தார்? நீரிலே வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலைச் சிறிது விட்டார். கடலேற்றம் எட்டும் இடத்து நீரில் உப்பு மிகுதலால் அது பால்போல் வெளுத்தது. ஒரு கலன் நீரில் ஒன்றினது உப்பு 37.9 கிரெயின், மற்றதனது 0.95 கிரெயின். நம் நாவு செய்யும் வேலையையே அவர் அளவிட்டுச் செய்தார். செய்து, உப்பைக் குற்றவாளியாக்காமல் சாட்சியாக்கினார். முதல் ஏழு வாரத்தில் பதினாயிரம் வீட்டுக்கு அழுக்கு நீரால் 315 பேரும், மேல்நதி நீர் பெற்ற வீடுகளில் 37 பேரும் இறந்தனர்.

நோய்க்கிருமியை அவர் கண்டு நிறுவியதில்லை. காட்சியளவை எட்டாதவிடத்துக் கருதலளவையால் துணிந்தார். அளவை நூல் கற்பிக்கும் நாம் புகையையும் நெருப்பையுமே எடுத்துக்காட்டாக ஆண்டாண்டுதோறும் சொல்லுகிறோம், இதனையும் சொல்லலாம்.

ஸ்னோவின் கருத்தை மறுக்கப் புறப்பட்ட ஹென்றி வைற்ஹெட் என்னும் குருவானவரே, புறோட் வீதி 40ஆம் இலக்க வீட்டுக் குழந்தையொன்றின் பேதி கலந்த கழிவுக்குழி, கிணற்றுக்குச் சில அடி தூரத்தில் கசிந்திருந்ததை வெளிப்படுத்தினார். இந்தச் சில அடி யாழ்ப்பாணத்தார் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. நமது சுண்ணக்கல் வெடிப்புக்களால் நிறைந்தது. மலக்குழியின் கசிவும் தோட்டத்துப் பசளையும் அதன்வழியே விரைந்து கிணறு சேரும். குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லையைக் கடந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அதற்கு நிறமில்லை, மணமில்லை. புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கோ அது கேடு. நாவு இதனை அறியாது. ஆய்வுகூடமே அறியும்.

ஸ்னோ மணஞ்செய்யவில்லை. பல்லாண்டு மரக்கறி உணவினராயிருந்தார், காய்ச்சி வடித்த நீரையே விரும்பிப் பருகினார். 1858ஆம் ஆண்டு யூன் 16ஆந் திகதி, நாற்பத்தைந்தாம் வயதில், பக்கவாதத்தால் இறந்தார். லான்செற் என்னும் வைத்திய ஏடு சில வரிகளில் அவர் மறைவைக் குறித்தது. குளோரோபோமைச் சொன்னது, கொலராவைச் சொல்லவில்லை. எட்டாண்டு கழித்து, 1866இல், இலண்டனின் கீழ்ப்பகுதியில் மீண்டும் நோய் மூண்டது. முன்னர் தீநாற்றக் கொள்கையைத் தழுவியிருந்த மரணக் கணக்காளர் வில்லியம் பார், இம்முறை முதலில் தேடியது நீர்க்கம்பனியின் பெயரையே. கொதிக்க வைக்காத நீரைப் பருகவேண்டாம் என்னும் அறிவித்தல் அப்பகுதியில் ஒட்டப்பட்டது.