காற்று டயரைக் கண்டுபிடித்தவர், பாரம் இழுக்க மட்டும் ஏன் வேறு டயருக்கு மாறினார்? - ராபர்ட் வில்லியம் தாம்சனின் கதை

காற்றடைத்த டயர் என்றதும் பலருக்கும் டன்லப் பெயர்தான் ஞாபகம் வரும். ஆனால் டன்லப்புக்கு 43 ஆண்டுகள் முன்பே, 23 வயது இளைஞர் ஒருவர் அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். அவர்தான் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ராபர்ட் வில்லியம் தாம்சன்.

அதைவிட சுவாரஸ்யமான விஷயம் ஒன்று இருக்கிறது. பின்னாளில் பாரம் இழுக்கும் வண்டியைச் செய்தபோது, தன் சொந்தக் கண்டுபிடிப்பான காற்று டயரை அவரே ஓரமாக வைத்துவிட்டார். ஏன்?

லத்தீன் ஏறவில்லை, மெஷின் ஏறியது

1822-ல் ஸ்டோன்ஹேவன் என்ற கடலோர ஊரில் பிறந்தார் தாம்சன். அப்பா கம்பளி ஆலை நடத்தியவர். 12 பிள்ளைகளில் இவர் 11-வது. மகனை மதபோதகர் ஆக்க வேண்டும் என்பது வீட்டாரின் ஆசை. அதற்கு லத்தீன் படித்தாக வேண்டும். அந்த மொழியோ இவருக்குச் சுத்தமாக ஏறவில்லை.

14 வயதில் அமெரிக்காவின் சார்ல்ஸ்டனுக்கு, ஒரு வணிகரிடம் வேலை பழக அனுப்பினார்கள். இரண்டே வருஷத்தில் ஊர் திரும்பிவிட்டார். பிறகு கணிதம் தெரிந்த உள்ளூர் நெசவாளர் ஒருவரின் உதவியோடு வேதியியல், மின்சாரம், வானியல் எல்லாவற்றையும் தானாகவே படித்தார். அப்பா ஒரு சின்னப் பட்டறை போட்டுக் கொடுத்தார். அங்கே அவர் முதலில் கை வைத்தது அம்மாவின் துணி பிழியும் உருளை இயந்திரத்தில். ஈரத் துணியை இரண்டு பக்கமும் ஓட்டிப் பிழியும்படி அதை மாற்றிக் கொடுத்தார்.

1845: காற்றில் ஓடிய குதிரை வண்டி

பிறகு ரயில்வே பொறியாளராக வேலை பார்த்த தாம்சன், 1845 டிசம்பரில் காற்று டயருக்கு பிரிட்டனில் காப்புரிமை பெற்றார். அமைப்பு எளிமையானதுதான். ரப்பர் ஊட்டிய கித்தான் துணியில் ஒரு குழாய். அதற்குள் காற்று. வெளியே தடித்த தோல் உறை. உறையைச் சக்கரத்தோடு போல்ட் போட்டு இறுக்கிவிடுவார்கள். உள்ளே இருப்பது காற்றைப் பிடித்துவைக்கும், வெளியே இருப்பது தேய்மானத்தைத் தாங்கும்.

1847-ல் லண்டன் ரீஜென்ட் பூங்காவில் குதிரை வண்டிகளில் மாட்டிக் காட்டினார். சத்தம் குறைந்தது, குலுங்கலும் குறைந்தது. ஒரு செட் டயர் 1,200 மைல், அதாவது ஏறக்குறைய 1,900 கிலோமீட்டர் ஓடியது.

ஆனாலும் வியாபாரம் ஆகவில்லை. டயரைச் செய்ய ஆன செலவு அதிகம். இன்று போல சைக்கிளும் காரும் தெருவில் இல்லை. வாங்குவதற்கு ஆளே இல்லாத காலத்தில் வந்த நல்ல பொருள் அது. அவ்வளவுதான்.

பாரம் மாறியது, டயரும் மாறியது

1852-ல் சர்க்கரை ஆலை இயந்திரங்கள் தொடர்பான வேலைக்காக ஜாவா தீவுக்குப் போன தாம்சன், பத்து ஆண்டுகள் கழித்து ஸ்காட்லாந்து திரும்பி எடின்பரோவில் குடியேறினார். 1867-ல் சாலையில் ஓடும் நீராவி இழுவை வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். பின்னால் பார வண்டிகளைக் கோத்து இழுக்க வேண்டிய வண்டி இது.

இரும்புச் சக்கரம் போட்டால் சாலை பெயரும், ஈரத்தில் வழுக்கும். கித்தானும் தோலும் சேர்ந்த காற்று டயரோ குதிரை வண்டிக்காகச் செய்தது. அதனால் தாம்சன் தேர்ந்தெடுத்தது 125 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட கெட்டி ரப்பர் டயர். தரையைப் பிடித்துக்கொண்டு, சாலையையும் கெடுக்காமல் அது பாரம் இழுத்தது. தன் கண்டுபிடிப்பு என்ற பாசம் அவர் கண்ணை மறைக்கவில்லை. முதலில் எடையைப் பார்த்தார், டயரைப் பிறகு முடிவு செய்தார்.

இந்த வண்டிகளுக்கு இந்தியாவோடும் தொடர்பு உண்டு. இங்கே பணியாற்றிய பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி கிராம்ப்டன், அரசு போக்குவரத்துக்காக இவற்றை வரவழைத்தார். அதில் ஒன்றின் பெயர் 'செனாப்'. 1871-ல் இங்கிலாந்தின் இப்ஸ்விச்சிலிருந்து எடின்பரோ வரை போய்த் திரும்பி அது சோதனையை முடித்தது.

1873 மார்ச் 8-ல் எடின்பரோவில் தாம்சன் காலமானார். வயது 50.

டன்லப்புக்குக் கிடைத்த அதிர்ச்சி

1888-ல் பெல்ஃபாஸ்ட் கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப் காற்று டயருக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டே ஆண்டுகளில் அது செல்லாது என்று தெரியவந்தது. காரணம், தாம்சனின் பழைய காப்புரிமை. ஆனால் அதற்குள் சைக்கிள் மோகம் தொடங்கிவிட்டது. பேரும் புகழும் டன்லப் பக்கமே போனது.

இன்றைக்கு இது ஏன் முக்கியம்?

இன்றைய காற்று டயர் டன் கணக்கில் தாங்கும். ஆனால் தாம்சன் முதலில் கேட்ட கேள்வி மாறவில்லை: எவ்வளவு எடை?

அமெரிக்காவில் டிரெய்லர் இழுக்கும் பிக்கப் டிரக்கை எடுத்துக்கொள்வோம். 265/70 அளவில் 17 அங்குல டயர் இரண்டு வகையில் கிடைக்கும். கார் ரகத்தில் சுமைக் குறியீடு 115 என்றால், ஒரு டயர் 1,215 கிலோ தாங்கும். அதையே டிரக்கில் மாட்டினால் 1.1-ஆல் வகுக்க வேண்டும். சுமார் 1,105 கிலோதான் கணக்கு. டிரக் ரகத்தில் குறியீடு 121 என்றால் 1,450 கிலோ. அளவு ஒன்றுதான், தாங்கும் எடை வேறு. அந்த 1,450 கிலோவும் 80 பிஎஸ்ஐ காற்று இருந்தால்தான். எடையைச் சுமப்பது பெரும்பாலும் உள்ளே அடைபட்ட காற்று. அது குறைந்தால் டயரின் பக்கச்சுவர் அதிகமாக மடங்கி, சூடேறி, வெடிக்கக்கூடும்.

இன்னொரு விஷயம். டிரெய்லர் எடையில் பொதுவாக 10 முதல் 15 சதவீதம் டிரக்கின் கொக்கி மேல் இறங்கும். 3,000 கிலோ டிரெய்லர் என்றால் 300 முதல் 450 கிலோ. அதைச் சுமப்பவை பின் டயர்கள். எனவே டயர் மாற்றும்போது அளவு பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. பின் அச்சுக்கு நிறுவனம் குறித்திருக்கும் எடையை இரண்டு பின் டயர்களும் சேர்ந்து தாங்குமா என்றும் பார்க்க வேண்டும்.

ஸ்டோன்ஹேவனில் தாம்சன் பிறந்த இடத்தில் இன்று ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. அவர் நினைவாக அந்த ஊரில் பழைய வாகனங்களின் அணிவகுப்பும் நடக்கிறது. வரும் வண்டிகள் பலவும் ஓடுவது காற்று டயரில்தான்.