குருக்ஷேத்திரத்தில் நந்தாஜி

சூரிய கிரகணத்தன்று குருக்ஷேத்திரம் சென்று பிரம்ம சரோவரில் ஸ்நானம் செய்த அங்கத்தினர்கள் நம்மில் பலர் உண்டு. அந்தக் குளத்தைச் சீராக்கியவர் குல்ஜாரிலால் நந்தா (1898–1998).

சியால்கோட்டில் பிறந்து, அலகாபாத்தில் பொருளாதாரம் படித்தவர். 1922 முதல் 1946 வரை ஆமதாபாத் ஜவுளித் தொழிலாளர் சங்கச் செயலாளர். 1964-லும் 1966-லும் இடைக்காலப் பிரதமர். இரண்டு தடவையும் பதிமூன்றே நாட்கள். பொது அறிவுப் புத்தகங்கள் இத்துடன் நிறுத்திவிடும். 1966 நவம்பரில் உள்துறை மந்திரி பதவியை விட்டார்.

1968-ல் குருக்ஷேத்திர வளர்ச்சி வாரியம் ஏற்பட்டது. அதன் தலைவராக 1990 வரை இருந்தார். நடுவே சிறிது காலம் ரயில்வே மந்திரியும்கூட. குளம் அப்போது தூர்ந்து கிடந்தது. கிரகண நேரமோ சில மணிதான். அதற்குள் லட்சக்கணக்கானோர் இறங்கி ஏற வேண்டும். ஆகவே தூர் வாருவதும், நீர் நிரப்புவதும், அகலமான படித்துறை கட்டுவதும் பக்தி விஷயம் மட்டுமல்ல, உயிர் விஷயம். நாட்டையே நிர்வகித்தவர் சேறு அள்ளும் வேலையை மேற்பார்த்தார். அந்த 26 நாட்களைவிட இந்த 22 வருஷங்களே பெரிது என்பது என் கணக்கு.

சொந்த வீடு அவருக்கு இல்லை. கடைசியில் ஆமதாபாத்தில் மகளுடன் இருந்தார். 1997-ல் பாரத ரத்னா. 1998 ஜனவரி 15-ல் காலமானார். சமாதி குருக்ஷேத்திரத்தில் இருக்கிறது.